இல்லாத சேருக்கு நாலு தசம் ஏழு

பரந்தன் சந்தியில் பஸ்ஸால் இறங்கி ஓட்டோ பிடித்து உள்ளுக்குக் கொஞ்சத் தூரம் போனால் ஒரு கம்பஸ் வரும். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால், சொன்னது ஆர், ஏன் சொன்னவர், சொன்னதில் தரம் இருந்ததா என்று விசாரிக்க ஒரு குழு போடுவார்கள். குழுப் போடுவதில் அவர்களை அடிக்க ஆளில்லை. விரிவுரை மண்டபத்து மின்விசிறி சுற்றாமல் விட்டுக் கனகாலம். அதற்கும் ஒரு குழு இருக்கிறது. அது மாதம் தவறாமல் கூடுகிறது, ரோல்ஸ் சாப்பிடுகிறது, அடுத்த கூட்டத்துக்குத் திகதி குறித்துவிட்டு எழும்புகிறது.

அந்த வளவுக்குள் ஏசி பூட்டிய கட்டடம் ஒன்றே ஒன்றுதான். வாசலில் 'தர உறுதிப்பாட்டு அலகு' என்று பித்தளைப் பலகை. படிப்பிக்கிறவர்களுக்குத் தரம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது அலகின் வேலை. பார்க்கிற விதமும் சுகமானது. செமஸ்டர் முடிகிற நேரம் அலகிலிருந்து ஒருவர் வகுப்புக்கு வந்து விரிவுரையாளரை வெளியே போகச் சொல்வார். பிள்ளைகள் போனை எடுத்து, அவர் எப்படி என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போடுவார்கள். கீழே ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் மனதில் பட்டதை எழுதலாம். ஆர் எழுதினது என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் கூட்டிப் பிரித்தால் ஓர் எண் வரும். அந்த எண் வந்த பிறகு அந்த ஆளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கத் தேவையில்லை.

சுமித்திராவுக்கு வந்தது ஐந்துக்கு இரண்டு தசம் ஒன்பது.

சுமித்திரா அங்கே நீர்ப்பாசனம் படிப்பிக்கிற தகுதிகாண் விரிவுரையாளர். தகுதிகாண் என்றால், நில்லு, பார்க்கலாம் என்று அர்த்தம். ஆள் பக்கத்து முரசுமோட்டை. அப்பா ஆண்டியப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் சின்னப் பெடியனாக மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, ஊரார் வயலில் கூலிக்கு நின்று, பிறகு தனக்கென்று ஒரு துண்டு வயல் பிடித்த மனுசன். மகள் கம்பஸில் மிஸ் என்று அவர் சொல்லாத ஆள் அந்த வாய்க்கால் கரையில் இல்லை. நிரந்தரமாக்குவதென்றால் புள்ளி மூன்றரைக்கு மேலே நிற்க வேண்டும் என்பது அலகின் விதி. வருட முடிவுக்குள் நிற்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்படி ஒன்று நடந்தால் அப்பா பிறகு அந்த வாய்க்கால் கரையால் எப்படி நடப்பார் என்றுதான் அவளுக்கு முதலில் யோசனை ஓடியது.

அலகின் பணிப்பாளர் பேராசிரியர் யோகலிங்கம் அவளைக் கூப்பிட்டு இருத்தினார். மனுசன் கெட்டவர் இல்லை. அதுதான் வில்லங்கம். கெட்டவர் என்றால் மனதுக்குள் நாலு பேச்சுப் பேசிவிட்டுப் போகலாம். இவர் தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்து, சீனி காணுமோ என்று கேட்டு, பிறகு பிள்ளைகள் எழுதியதை ஒவ்வொன்றாக வாசித்தார். மிஸ் சிரிக்கிறா இல்லை. மிஸ் எங்களைக் கொண்டுபோய்ச் சேத்துக்குள்ள இறக்கினவா. மிஸ் ரெண்டு சேலையைத்தான் மாத்தி மாத்திக் கட்டுறா. மிஸ் கேள்வி கேக்கிறா. மிஸ்ஸின்ர தமிழ் வேற மாதிரி, தோட்டத்துக் கதை, விளங்குதில்லை.

சுமித்திரா வன்னியில் பிறந்தவள். வெளியில் வன்னிக் கதைதான் கதைப்பாள். வீட்டில் அம்மா வீரம்மாவோடும் அப்பாவோடும் வாங்க, போங்க, ஆமாங்க. பாடத்தில் மனம் ஒன்றிவிட்டால் மட்டும் 'இங்க பாருங்க' என்று வீட்டுத் தமிழ் வாய்க்கு வந்துவிடும். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்பது 'இங்க பாருங்கோ' என்றால் விளங்குமாம், 'இங்க பாருங்க' என்றால் விளங்காதாம். உதுக்கு அவள் என்ன செய்வாள்?

நீர்ப்பாசனம் படிக்கிறவர்கள் வயலுக்குள் இறங்காமல் எப்படிச் சேர் என்று மட்டும் கேட்டாள். யோகலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் சொற்பொழிவு வரப்போகிறது என்று கம்பஸுக்கே தெரியும்.

"பாருங்கோ சுமித்திரா, நீங்கள் என்ன படிப்பிச்சனீங்கள் எண்டு அலகு கேக்கிறேல்லை. அது எங்கட வேலை இல்லை. பிள்ளையளுக்கு என்ன விளங்கினது எண்டும் கேக்கிறேல்லை, அது சோதினையின்ர வேலை. பிள்ளையளுக்கு என்ன மாதிரி இருந்தது எண்டுதான் கேக்கிறம். தரம் எண்டால் அதுதான். நானும் ஒரு காலம் படிப்பிச்சனான். அப்ப உந்த முறை இல்லாதபடியால் நான் நல்லாப் படிப்பிச்சனானோ இல்லையோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. நீங்கள் குடுத்து வைச்ச ஆக்கள்."

அப்படியென்றால் சேரையும் இப்ப ஒருக்கா மதிப்பிடலாம்தானே என்று அவள் கள்ளமில்லாமல் கேட்டுவிட்டாள். பணிப்பாளரையே மதிப்பிட்டால் மதிப்பீட்டின் நடுநிலைமை கெட்டுப்போய்விடும் என்று அவர் பொறுமையாக விளங்கப்படுத்தி, பயிற்சிப் பட்டறைக்கு அவளுடைய பெயரைக் குறித்துக்கொண்டார்.

பட்டறையின் பெயர் 'புன்னகையும் கற்பித்தலும்'. கொழும்பிலிருந்து ஒரு அம்மா வந்து நடத்தினா. பெண் விரிவுரையாளர்களை மட்டும்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஆம்பிளைகளுக்கு ஏன் இல்லை என்று பின்வரிசையில் ஆரோ கேட்டதற்கு, ஆண்களுக்குச் சிரிப்பில் குறைபாடு இருப்பதாக அலகிடம் தரவு இல்லை என்று பதில் வந்தது. காலையிலிருந்து பின்னேரம் வரை சிரித்தார்கள். வகுப்புக்குள் நுழையும்போது பல் தெரிய ஒரு சிரிப்பு. பிள்ளை பிந்தி வந்தால் பல் தெரியாமல் ஒரு சிரிப்பு. பிள்ளை வராமலே விட்டால் வெற்றுக் கதிரையைப் பார்த்து மன்னிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. கடைசியில் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள், அதை வாங்கும்போது சிரித்தது சரியில்லை என்று ஒருவரை இரண்டாம் தரமும் மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

சுமித்திரா வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆண்டியப்பன் எட்டிப் பார்த்து, பல்லு வலிக்குதாம்மா, கிராம்பு வச்சுக் கடிச்சுக்க என்றார். கிளிநொச்சிக்குப் போய் இரண்டு புதுச் சேலையும் வாங்கினாள். செமஸ்டர் நடுவில் ஓர் இடைக்கால மதிப்பீடு வந்தது. இரண்டு தசம் ஏழு. மிஸ் காரணமில்லாமல் சிரிக்கிறா, பயமாக் கிடக்கு. மிஸ் எங்களைப் பாத்து நக்கலடிக்கிறா. சேலைக்குச் செலவழிக்கிற நேரத்தைப் பாடத்துக்குச் செலவழிக்கலாம். மிஸ்ஸிட்ட ஒரு அம்மாவின்ர அன்பு இல்லை. மிஸ் அம்மா மாதிரி ஏசுறா. கடைசி இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தபோது அவளுக்கு மண்டை காய்ந்துவிட்டது.

இந்த இடத்தில் வினோதன் சேரின் கதையையும் சொல்ல வேண்டும். மண் விஞ்ஞானம் படிப்பித்த வினோதன், கலாநிதிப் பட்டத்துக்கென்று மெல்போர்ன் போய் இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. அவர் போன கையோடு, கொஞ்ச நாளைக்கு உந்த வகுப்பையும் பாருங்கோ என்று சுமித்திராவின் தலையில் கட்டிவிட்டார்கள். பெயர் மாற்றுவதற்குப் பேராசிரியர்மார் கூடுகிற மூதவையின் அனுமதி வேண்டும், அந்தக் கோரிக்கை ஒரு குழுவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ஆகவே நேரசூசியில் வினோதன், கம்பஸ் இணையத்தளத்தில் வினோதன், சுமித்திரா சனி ஞாயிறு குந்தியிருந்து செய்த சிலைட்டின் முதல் பக்கத்திலும் விதிப்படி வினோதன். திங்கட்கிழமைகளில் முதலில் நீர்ப்பாசனம், அது முடிய மண் விஞ்ஞானம். அதே மண்டபம், அதே பிள்ளைகள், அதே சுமித்திரா. இடையில் ஒரு வாய் தண்ணீர் குடித்து, பலகையை அழித்துவிட்டுத் தொடங்குவாள். அந்தப் பிள்ளைகள் கம்பஸுக்கு வருவதற்கு முதலே வினோதன் பிளேன் ஏறிவிட்டார். ஒரு பிள்ளையும் அவரைக் கண்ணால் கண்டதில்லை.

பக்கத்து அறையில் இருந்த நிரோஜனுக்கு நாலரைக்குக் கீழே புள்ளி இறங்கினதே இல்லை. அவனுடைய எட்டு மணி வகுப்பு ஒன்பதுக்குத் தொடங்கும், ஒன்பதரைக்கு முடியும். சோதினைக்கு முதல் கிழமை எதைப் படிக்கலாம், எதை விடலாம் என்று கையால் காட்டிவிடுவான். நல்ல மனம் உள்ள பெடியன், சுமித்திராவைப் பார்த்துப் பாவப்பட்டான். அக்கா, பெடியளுக்கு வயிறு நிரம்பினால் பெருவிரல் தானாப் போய் அஞ்சை அமத்தும், மதிப்பீட்டு அண்டைக்கு மீன் பணிஸ் எடுத்துக் குடுங்கோ என்றான். அலகின் சுற்றறிக்கையிலும் அதற்கு இடமிருந்தது. மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்கலாம், ஆனால் புள்ளியை நினைத்துக்கொண்டு வழங்கக் கூடாது.

சுமித்திரா ஒன்றையும் நினைக்காமல் பரந்தன் பேக்கரியில் மீன் பணிஸுக்குச் சொல்லி வைத்தாள். அந்த நேரம் பார்த்து யோகலிங்கம் தரத்தைப் பற்றிப் பேசக் கொழும்புக்குப் போனார், மதிப்பீட்டை ஒரு கிழமை தள்ளிப் போட்டார்கள். அவளும் பேக்கரிக்குப் போன் எடுத்து ஒரு கிழமை தள்ளிப் போட்டாள். அந்தக் கிழமை கந்தசஷ்டி. முரசுமோட்டையில் அவர்களுடைய பக்கத்தில் மாரியம்மனுக்குத்தான் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். கந்தசஷ்டி வரும் போகும், ஆண்டியப்பன் வீட்டு அடுப்புக்கு அது தெரியாது. வகுப்பில் பாதிக்கு மேலே விபூதிப் பூச்சோடு பாலும் பழமுமாக மூன்றாம் நாள் விரதத்தில் இருக்க, சுமித்திரா பட்டறையில் பழகிய பல் தெரிகிற சிரிப்போடு சுடச்சுட மீன் பணிஸ் பெட்டியைக் கொண்டுவந்து முன்மேசையில் திறந்தாள்.

மின்விசிறியும் சுற்றாத மண்டபம். மீன் வாசம் நின்ற இடத்தில் நின்றது. முன்வரிசைப் பிள்ளைகள் சால்வையால் மூக்கைப் பொத்தினார்கள். ஒருத்தி எழும்பி, மிஸ், இண்டைக்குச் சஷ்டி என்றாள். சுமித்திரா பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு வெளியே போக வெளிக்கிட்டால், விரதமில்லாத பெடியள் பின்வரிசையிலிருந்து ஐயோ மிஸ் கொண்டு போகாதேங்கோ என்று கத்தினார்கள். அலகிலிருந்து வந்தவர் தான் ஒரு பணிஸை வாயில் வைத்துக்கொண்டே, சரி பிள்ளையள், போனை எடுங்கோ, நேர்மையாப் போடுங்கோ என்றார்.

இரண்டு தசம் நாலு. மிஸ் சைவத்தை அவமதிச்சவா. மிஸ் வேணுமெண்டு செய்தவா, அவையளுக்கு எங்கட விரதம் தெரியாது. கருத்துப் பெட்டியின் கடைசியில் ஒரு புண்ணியவான் மட்டும் பணிஸுக்கு உறைப்புக் காணாது என்று எழுதியிருந்தான். அன்றைக்கு மிஞ்சிய பணிஸை அவள் வீட்டுக்குக் கொண்டு போனாள். வீரம்மா ஆசையாகச் சாப்பிட்டா. சுமித்திராவுக்கு அழுகை அழுகையாக வந்தது, கிணற்றடிக்குப் போய் நின்று அழுதுவிட்டு வந்தாள்.

வருட முடிவில் கம்பஸ் வாசலில் ஒரு பெரிய பதாகை கட்டினார்கள். ஆண்டின் சிறந்த விரிவுரையாளர், வினோதன், மண் விஞ்ஞானம், நாலு தசம் ஏழு. கோட்டும் சூட்டுமாக அவருடைய படம். கீழே மாணவர் கருத்துகள். சேர் ஒருநாளும் ஏசினதில்லை. சேரின்ர சிலைட் அவ்வளவு தெளிவு. சேர் எங்களை ஆனையிறவுக்குக் கூட்டிக்கொண்டுபோய் உப்பு மண்ணைத் தொட்டுப் பாக்க வைச்சவர், சாகும் வரைக்கும் மறக்கேலாது. சேரின்ர தமிழ் கேக்க இனிமை.

சுமித்திரா குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று வாசித்தாள். பொய் சொல்லக்கூடாது, முதலில் அவளுக்குச் சந்தோசப் புழுகம்தான் வந்தது. ஆனையிறவில் அந்த மண்ணை உள்ளங்கையில் வைத்து, இங்க பாருங்க, நாக்கில வச்சுப் பாருங்க என்று சொன்னது அவள்தான். நான் நல்லாப் படிப்பிச்சிருக்கிறன், பிள்ளையளுக்கு நல்லா விளங்கியிருக்கு என்று மனம் துள்ளியது. இதைக் கொண்டுபோய்க் காட்டினால் அலகு ஒரே நிமிடத்தில் நிரந்தரமாக்கிவிடும் என்று நம்பி, வெயிலுக்குள் ஓட்டமும் நடையுமாக அந்த ஏசிக் கட்டடத்துக்குப் போனாள்.

"சேர், மண் விஞ்ஞானமும் நான்தான் படிப்பிச்சனான். ரெண்டு பாடத்துக்கும் ஒரே ஆள், ஒரே பிள்ளையள். அவை பாடத்துக்குப் புள்ளி போடேல்லை, பெயருக்குப் போட்டிருக்கினம். இது பக்கச்சார்பு சேர்."

அந்த அறைக்குள் அப்படி ஒரு சொல்லை ஒருவரும் முன்னர் சொன்னதில்லை. யோகலிங்கம் கதவைச் சாத்தச் சொன்னார். பாரதூரமான முறைப்பாடு என்றார். உடனே குழு போட்டார்கள். குழு இரண்டு கிழமை ரோல்ஸ் சாப்பிட்டு, விஞ்ஞான முறைப்படி பிள்ளைகளிடமே கேட்பது என்று முடிவெடுத்தது. அலகிலிருந்து அவர்களுடைய போனுக்கு ஒரே ஒரு கேள்வி போனது. நீங்கள் பக்கச்சார்புடன் புள்ளி இட்டீர்களா, ஆம் அல்லது இல்லை. கிட்டத்தட்ட எல்லோரும் இல்லை என்று போட்டார்கள். ஆம் என்று போட்ட இரண்டு பேரும் கைதவறி அமத்தியதாகப் பிறகு வந்து சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். பக்கச்சார்பு இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது என்று அறிக்கை வந்தது, நிரந்தரமாக்கல் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.

நீண்ட மேசை. ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், எல்லோரும் மரியாதையாகச் சிரித்தார்கள். யோகலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார்.

"எண்ணுக்கு ஆம்பிளை பொம்பிளை இல்லை பிள்ளை. எண்ணுக்கு ஊர் இல்லை, தோட்டம் இல்லை, சாதி இல்லை. அதாலதான் நாங்கள் ஆக்களை விட்டிட்டு எண்ணை நம்புறம். இப்ப நீங்கள் வந்து நாலு தசம் ஏழு உண்மை, இரண்டு தசம் நாலு பிழை எண்டுறியள். உங்களுக்குப் பிடிச்ச எண்ணை மட்டும் நம்பச் சொல்லுறியள். அதுதான் பக்கச்சார்பு. அலகு அப்பிடிச் செய்யாது. ரெண்டையும் சரிசமனா நம்பும். வினோதன் திறமாப் படிப்பிச்சிருக்கிறார், நீங்கள் திறமாப் படிப்பிக்கேல்லை. ரெண்டும் நீங்கள்தான் எண்டுறதால இதில ஒண்டும் மாறாது. மண் விஞ்ஞானத்தில உங்கட பெயர் இல்லை. பெயர் இல்லாமல் நீங்கள் போய்ப் படிப்பிச்சிருந்தால் அது அனுமதியில்லாத வேலை. அப்பிடி எண்டு எழுதட்டோ?"

எழுத வேண்டாம் என்றாள் சுமித்திரா. வேறு என்ன சொல்வது? எழுதினால் ஒழுக்காற்று விசாரணை, எழுதாவிட்டால் அவள் அந்த வகுப்பில் நின்றதே இல்லை.

நிரந்தரமாக்கவில்லை. ஆனால் கூட்டம் ஈவிரக்கம் இல்லாதது என்று சொல்லக்கூடாது. வினோதனின் பெயரில் இயங்கும்போது இவருடைய செயற்றிறன் மிக உயர்வாகக் காணப்படுவதால், அவர் திரும்பி வரும்வரை அவருடைய பாடத்தை மட்டும் வருகைதரு விரிவுரையாளராகத் தொடரலாம் என்று ஒரு சலுகை கொடுத்தார்கள். நீர்ப்பாசனத்தை நிரோஜனிடம் கொடுத்தார்கள். பட்டமளிப்பு மண்டபத்தில் விருது விழா நடந்தபோது, வினோதன் சமுகமளிக்காதபடியால் அவருடைய கடமைகளைப் பார்க்கிறவர் மேடைக்கு வரவும் என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். சுமித்திரா ஏறிப் போய், வினோதன் என்று பெயர் பொறித்த கேடயத்தை வாங்கினாள். அவர் வரும்வரை கீறல் படாமல் வைத்திருங்கோ என்று யோகலிங்கம் காதுக்குள் சொன்னார்.

ஆண்டியப்பனுக்கு அதெல்லாம் விளங்கவில்லை. மகள் கேடயத்தோடு வந்தாள், அதுவரைக்கும் சரி. அதைத் துடைத்து முன்னறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வருகிற சனம் எல்லாம் வாசித்துவிட்டு, ஆர் இந்த வினோதன், மாப்பிளையோ என்று கேட்கத் தொடங்கியது. ஒருநாள் வீரம்மா ஆசையை அடக்கமாட்டாமல், நல்ல பையனா, நம்ம பக்கமா, இல்ல அவங்க பக்கமா என்று கேட்டா. சுமித்திரா விளங்கப்படுத்த வாயெடுத்தாள். தொடங்கின இடத்திலேயே விட்டுவிட்டாள், நிரந்தரம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும்.

அடுத்த செமஸ்டரில் ஒருநாள் பின்னேரம் பரந்தனிலிருந்து வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜனார்த்தனன் பக்கத்தில் வந்து இருந்தான். அவளுடைய வகுப்புப் பெடியன். அவனும் முரசுமோட்டை, அவனுடைய தாத்தாவும் ஆண்டியப்பனுடைய அப்பாவும் ஒரே தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கம்பஸுக்குள் அவளோடு வன்னிக் கதை கதைப்பான், பஸ்ஸில் வீட்டுக் கதைக்கு வந்துவிடுவான். உயர்தரத்தில் கணக்கு ஓடாமல் நின்றவனைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தவள் சுமித்திராதான்.

"மிஸ், நீர்ப்பாசனத்துக்கு நானும் உங்களுக்கு ஒண்ணுதான் போட்டேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அஞ்சு போட்டா, நம்ம ஆளுன்னு போட்டுட்டான்னு சொல்லுவாங்க மிஸ். பேரு தெரியாதுதான். இருந்தாலும் தெரிஞ்சிடுமோன்னு பயம். வினோதன் சேருக்குத்தான் அஞ்சு போட்டேன். அது நீங்கதானே. அங்க போட்டா ஒருத்தரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

நல்ல காரியம் செய்ததுபோல அவளுடைய முகத்தைப் பார்த்தான். அவனை ஏச அவளுக்கு மனம் வரவில்லை, ஏசினால் எதற்கென்று ஏசுவது என்றும் தெரியவில்லை. அந்தப் புள்ளி தனக்கு வந்து சேரவில்லை என்று சொல்லியிருக்கலாம். பரவாயில்லடா, சோதனைக்குப் படி என்று மட்டும் சொல்லிவிட்டு, இறங்கும் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவளுடைய சீவியம் முழுக்க வினோதன் சேரின் புள்ளியில் வந்து நின்றது. நாலுக்குக் கீழே இறங்கினால் வருகைதரு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது என்று கடிதத்தில் இருந்தது. மதிப்பீட்டு நாளில் பிள்ளைகள் உள்ளே போனைத் தட்டிக்கொண்டிருக்க, அவள் வெளியே தூணோடு நின்று, வினோதன் சேருக்கு நல்லபடியாக விழ வேண்டும் பிள்ளையாரே என்று நேர்ந்துகொண்டு நின்றாள். கேட்டால் சிரிப்பீர்கள். அவள் சிரிக்கவில்லை, உண்மையாகவே தேங்காய் நேர்ந்தாள். நாலு தசம் நாலு வந்தது. முந்தினதைவிடக் குறைவு என்று யோகலிங்கம் வருத்தப்பட்டு, சேரின்ர தரத்தைக் கீழ இறக்கிப் போடாதேங்கோ பிள்ளை என்று எச்சரித்து அனுப்பினார்.

அந்தக் கிழமையே மெல்போர்னிலிருந்து வாட்ஸப்பில் அழைப்பு வந்தது. வினோதன். நல்ல மனுசன், ஒழுங்காகக் கதைக்கிற ஆள். விருது கிடைத்ததை முகநூலில் போட்டதில் இருந்து வாழ்த்து வந்தபடி இருக்கிறதாம், எப்படிக் கிடைத்தது என்று தனக்கே விளங்கவில்லையாம், சுமித்திராவுக்கு நன்றியாம். இன்னொரு சந்தோசமான செய்தியும் இருந்தது. அவருக்கு அங்கே நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது, இனித் திரும்பி வருவதாக யோசனை இல்லை, திங்கட்கிழமை கம்பஸுக்கு ராஜினாமாவை அனுப்பப் போகிறார்.

அவர் விலகினால் பெயர் போகும். பெயர் போனால் பாடம் போகும். அவர் திரும்பி வரும்வரை என்றுதான் அவளுடைய கடிதத்தில் எழுதியிருக்கிறது, திரும்பி வர மாட்டார் என்று தெரிந்த அன்றைக்கே அவளும் இல்லை. முன்னறையில் அப்பா ஆரோ ஒருவருக்குக் கேடயத்தைக் காட்டி, மகளுக்குக் கம்பஸில் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

"சேர், தயவு செய்து ராஜினாமா செய்யாதேங்கோ," என்றாள். "லீவை மட்டும் நீட்டிக் கேளுங்கோ சேர். அவையள் தருவினம். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை, எல்லாம் நான் பாக்கிறன்."

அந்தப் பக்கத்தில் வினோதன் பெருமூச்சு விட்டார். சரி சுமித்திரா, நீங்கள் இவ்வளவு கேக்கிறியள், உங்களுக்காக இன்னும் ஒரு வருசம் இருக்கிறன் என்றார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நன்றி சொல்லி வைக்கப் போன நேரம் அவர், ஒரு நிமிசம் என்றார்.

"இந்த முறை நாலு தசம் நாலாமே, யோகலிங்கம் சேர் எழுதியிருந்தவர். கொஞ்சம் கவனமாப் படிப்பியுங்கோ சுமித்திரா. எனக்கு அங்க ஒரு பெயர் இருக்குத்தானே."

கவனமாப் படிப்பிக்கிறன் சேர் என்றாள் சுமித்திரா. அதை அவள் நக்கலுக்குச் சொல்லவில்லை.